இங்கிலிஷ் அப்புவுக்கு எழுதிய கேஸ்

என்னோடு சுவிசில் லாங்கன்தால் பள்ளிக்கூடத்தில் படித்த உங்களில் சிலர் இப்போது பேரப்பிள்ளை தூக்குகிறீர்கள். மற்றவர்களுக்கு என்னைப் போல முழங்கால் வலி. அதனால் இதைச் சொன்னால் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இடையில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், எனக்குக் கோபம் வராது. வயது போனால் சின்ன வயதில் விளங்காததெல்லாம் விளங்கும் என்று சொல்வார்கள் அல்லவா? எனக்கு அந்தக் குளிர்காலம் இன்னும் சரியாக விளங்கவில்லை. சொல்லிப் பார்த்தால் விளங்குமோ என்றுதான் தொடங்குகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. அப்பா முதலில் வந்து, அம்மாவும் நானும் ஒன்றரை வருசம் கழித்து வந்து சேர்ந்தோம். ஒரு மூன்று மாடி வீட்டின் கூரைக்குக் கீழே எங்களுக்கு இரண்டு அறை. ஒக்டோபரில் இறங்கும் பனிப்புகார் பெப்ரவரி வரை எழும்பாது. உங்களுக்கும் அது நினைவிருக்கும். எதிர் வீட்டு விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும், வீடு தெரியாது. எங்கள் அறைகளில் கூரை சரிந்து வரும். அப்பா கட்டிலிலிருந்து எழும்பும்போது தினமும் ஒரே இடத்தில் தலையை இடிப்பார், தினமும் ஆச்சரியப்படுவார்.

வீட்டுக்காரி கீழ்த்தட்டில் இருந்தார். அறுபது வயதிருக்கும், புருசன் இல்லை. சலவை அறைப் பூட்டின் திறப்பு அவரிடம். இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் முறை. அம்மா உடுப்புத் தோய்த்து முடித்ததும் அவர் வந்து இயந்திரத்தின் வடிகட்டியை விரலால் தடவிப் பார்ப்பார். பஞ்சு இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், விரலை மட்டும் காட்டுவார். அம்மாவுக்கு அவர் ஏசியிருந்தாலும் பரவாயில்லை, அந்த விரல்தான் பொறுக்காது. ஆனால் அதே மனுசிதான் எங்களைப் பற்றி வெளிநாட்டவரைப் பதிகிற அந்நியர் பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அமைதியான, சுத்தமான, உண்மையான குடும்பம் என்று மூன்று சொல் அதில் இருந்தது. எங்கள் அகதி விசாரணை முடிந்து, முடிவு இன்னும் வராத காலம் அது. அப்பா அந்தக் கடிதத்தின் பிரதியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். இங்கே ஒரு உணவகத்தில் சட்டி கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மறுபடியும் கிளாக்கராகிவிடுவார். புதிதாக வந்த பெடியங்கள் தேடி வருவார்கள். அவர்களுக்கு அப்பா ஆங்கிலத்தில் அகதிக் கேஸ் எழுதிக் கொடுப்பார். ஏன் ஊரைவிட்டு வந்தார்கள், எந்த மாதம் இராணுவம் பிடித்தது, எந்த மாதம் விட்டது, எந்த வழியால் வந்தார்கள் என்று மூன்று நான்கு பக்கம். எல்லாருக்கும் உதவி நிறுவனம் கொடுத்த ஒரே மாதிரி நீல அங்கி. வாசலில் ஈரச் சப்பாத்துகள் வரிசையாக இருக்கும். வீட்டுக்காரி படியால் ஏறி வந்து அவற்றை எண்ணிவிட்டு இறங்குவார்.

பெடியன் அழத் தொடங்கினால் அப்பா பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அழுது முடிந்ததும், "சரி தம்பி, அது எந்த மாதம்?" என்று கேட்பார். ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, அதன் மேல் மாதங்களைக் குறிப்பார். கோட்டில் எங்கேயாவது ஓட்டை இருந்தால் அடைப்பார். மாமா வீட்டில் ஒளிந்திருந்ததாகவோ காய்ச்சலில் கிடந்ததாகவோ ஏதாவது போட்டுவிடுவார். அவருடைய முறை ஒன்றே ஒன்றுதான்.

"ஒருத்தனுக்கு ஒரு பேர், ஒரு பிறந்த திகதி, ஒரு பாதை. இதில ஒண்டு பிசகினாலும் அவங்கள் முழுக்கதையையும் பொய்யெண்டுவாங்கள்."

அந்த வருசம் ஒரு பெடியனின் கேஸ் அப்படித்தான் போனது. அவன் சினேகிதனின் பாஸ்போட்டில் வந்தவன். அப்பா அதை மறைக்காமல் எழுதியிருந்தார். இரண்டு பெயர் இருந்ததால் இரண்டையும் நம்பமுடியாது என்று பதில் வந்தது. அவன் அந்தத் தாளைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போனான். அப்பா இரண்டு ஞாயிறு பேனையைத் தொடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவை நீங்கள் பொல்லாத மனுசன் என்று நினைத்துவிடக்கூடாது.

வீட்டுக்காரியின் தகப்பன் கீழ்த்தட்டில் தெருப்பக்க அறையில் இருந்தார். தொண்ணூறு தாண்டியவர். இங்கிலாந்துக்காரர். முதலாம் உலகப்போரில் ஜேர்மன்காரரிடம் கைதியாகப் பிடிபட்டு, காயத்தோடு இருந்த கைதிகளைச் சுவிஸ் பொறுப்பெடுத்தபோது ஒரு மலை ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தவராம். அந்த ஹோட்டலில் துணி தோய்த்த பெண்ணைக் கட்டி, அவளுடைய ஊரான லாங்கன்தாலுக்கு வந்து, பீங்கான் தொழிற்சாலைச் சூளையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வருவதற்கு முந்திய வருசம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. அதோடு ஜேர்மன் மொழி முழுவதும் நாவிலிருந்து கழன்றுபோய், பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. கண்ணும் அநேகமாக இல்லை. மகளுக்கு ஆங்கிலம் ஏதோ கொஞ்சம் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்த அளவு.

ஒருநாள் காலை அப்பா வேலைக்கு இறங்கும்போது அவர் வாசலில் நின்றார். அப்பா கச்சேரிப் பழக்கத்தில், "குட் மோர்னிங், சேர்" என்றார். கிழவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அப்பா வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினார். அன்றிலிருந்து, உணவகம் ஞாயிறோடு சேர்த்துப் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் அப்பா கீழே போவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் போவேன். ஊரில் கிழவர்களைக் கூப்பிடுவது போல அம்மா அவருக்கு இங்கிலிஷ் அப்பு என்று பெயர் வைத்தார். நான் அவருக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். அங்கே எண்ணெய் அடுப்பு எரியும், தகரப்பெட்டியில் பிஸ்கட் இருக்கும்.

அந்த அறையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கற்பூரத் தைலமும் அடுப்பு எண்ணெயும் பழைய கம்பளியும் கலந்த மணம். இழுப்பறையில் பிரம்பு வைத்துத் தைத்த ஒற்றைக் கால்காப்பு ஒன்று வைத்திருந்தார். பந்து விளையாடும்போது முழங்காலுக்குக் கீழே கட்டுவது. மற்றது எங்கே என்று அவருக்கே தெரியாது. நெற்றியில் சின்னப் பள்ளம் ஒன்று. அந்தக் காலத்துத் தோல்பந்துக்கு வார் போட்டுக் கட்டியிருக்கும், மழையில் ஊறினால் கல்லுத்தான், அதைத் தலையால் முட்டியதில் வந்தது என்றார். என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். ஒரு சுருக்கம் போலத்தான் இருந்தது.

ஆம், இங்கிலிஷ் அப்பு ஒரு உதைபந்தாட்டக்காரர். பெரிய அணி இல்லை. வடக்கு இங்கிலாந்தில் ஆலைகள் நிறைந்த ஒரு ஊரின் அணி, கீழ்ப்பிரிவில் விளையாடியது. சனிக்கிழமை மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியதும் நெய்கிற தறியை நிறுத்திவிட்டு, ரொட்டியைச் சப்பியபடியே மைதானத்துக்கு ஓடுவார்களாம். இடது ஓரத்தில் விளையாடினார். கோட்டின் சுண்ணாம்பு சப்பாத்தில் ஒட்டவேண்டும், இல்லையென்றால் அவன் ஓரக்காரன் இல்லை என்பார். மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும், முதற்பாதியில் மேலே ஏறவேண்டும். இதையெல்லாம் மேசையில் பீங்கான் கோப்பைகளை வைத்துக் காட்டுவார். சீனிக்கிண்ணம்தான் கோல்காப்பாளர். கண் தெரியாததால் இரண்டுதரம் கோல்காப்பாளர் கீழே விழுந்து உடைந்தார். வீட்டுக்காரி வந்து ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பா இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லுவார். ஆனால் அப்பாவின் முகம் மட்டும் ஒவ்வொரு கிழமையும் இறுகிக்கொண்டு வந்தது. காரணம் கணக்கு உதைத்தது. ஒரு திங்கள் இரண்டு பருவம் விளையாடியதாகச் சொல்வார், அடுத்த திங்கள் ஒன்றரை என்பார். இரண்டு கோல் போட்டது ஒருநாள், மூன்று போட்டது இன்னொருநாள், ஒன்றும் போடவில்லை என்றும் ஒருதரம் சொன்னார். அப்பாவின் கை தானாகப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கோடு போடத் தொடங்கும்.

மகள் அவரை நம்பவில்லை. அதை வீட்டுக்காரியே எனக்குச் சொன்னார், படியில் வைத்து, சலவைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"உன் வயதில் நான் வகுப்பில் சொன்னேன், என் அப்பா இங்கிலாந்தில் உதைபந்து விளையாடியவர் என்று. எங்கள் ஆசிரியருக்கு விளையாட்டில் பைத்தியம். இங்கிலாந்திலிருந்து ஒரு புத்தகம் எடுப்பித்தார். அந்த அணியின் பெயர்கள் முழுவதையும் எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். அப்பாவின் பெயர் இல்லை."

"பிறகு?"

"பிறகென்ன? பள்ளிக்கூடம் முடியும்வரை என்னைப் பந்துக்காரி என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். அவர் அடுப்புக்குக் கரி போடப் போய்விட்டார்."

ஐம்பது வருசத்துக்கு முந்திய கதை. நேற்று நடந்தது போல அவருடைய காது சிவந்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இங்கிலிஷ் அப்பு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு உதவி கேட்டார். அந்த அணி இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். அவர் அங்கே விளையாடியது உண்மை என்று ஒரு தாள் வரவேண்டும். சாவதற்கு முன்னால் ஒருதரமாவது மகள் தன்னை நம்பவேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, குரலைத் தணித்து நெடுநேரம் கதைத்தார். ஒரு தாளை வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் ஒரு பெயரை எழுதினார். அது அவருடைய பெயர் இல்லை. வாசலில் இருந்த தபால்பெட்டியில் அவருடைய பெயர் எனக்குப் பழக்கம்.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா அம்மாவுக்குச் சொன்னார்.

"மனிசன் விளையாடினது உண்மை. ஆனா தன்ரை பேரில இல்லை."

"பேந்து ஆரின்ரை பேரில?"

"பெரியம்மான்ரை மோன், எங்கடை முறைக்கு அண்ணன். ரெண்டு பேரும் ஒரே வீட்டிலதான் வளந்தவையாம். இவரின்ரை தகப்பன் கோயில் குளமெண்டு திரியிற ஆள், மோன் சம்பளத்துக்குப் பந்தடிக்கக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டார். அண்ணன்காரன் அணியில பேர் குடுத்திட்டு முழங்காலை முறிச்சுப்போட்டான். அவன்ரை பேரில இவர் இறங்கியிருக்கிறார். ரெண்டு வருசமும் அப்பிடித்தான்."

"ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லையோ?"

"சாடை ஒண்டாம். பேந்து உலகச்சண்டை வந்திட்டுது. அண்ணன் செத்துப்போனான். ஊர்ச்சனம் அவனைப் பந்துக்காரன் எண்டுதான் அழுததாம். செத்தவனிட்டை இருந்து அதை எப்பிடிப் பறிக்கிறதெண்டு இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை, பெண்சாதிக்கும் சொல்லேல்லை, மகளுக்கும் சொல்லேல்லை. எனக்குத்தான் முதல்முதல் சொல்லுறாராம்."

அம்மா சோற்றைப் பிசைந்தபடியே, "பாவம். அதை அப்பிடியே எழுதுங்கோ" என்றார்.

அப்பா கை கழுவ எழும்பினார்.

கடிதத்தை எழுத அப்பாவுக்கு இரண்டு ஞாயிறு எடுத்தது. கோடு போட்டார், ஓட்டைகளை அடைத்தார். இரண்டு பருவம், இருபத்திரண்டு ஆட்டம், மூன்று கோல் என்று எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல், வழக்கமாகப் பெடியங்களுக்குப் போடுகிறதையும் போட்டார். பசியோடு விளையாடியது, காலில் இரத்தம் வடிய வடிய ஓடியது, எதிரணி ஆதரவாளர்களால் உயிருக்கு அச்சுறுத்தல். கடைசியில் மேற்படி விண்ணப்பதாரர் தங்களைத் தாழ்மையுடன் மன்றாடுகிறார் என்று முடித்தார். அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அப்பாவின் முகத்தில் நல்ல வெளிச்சம். எனக்கும் பெருமையாக இருந்தது. அம்மாதான் கேட்டார்.

"அண்ணன்ரை பேர் எங்கை?"

"போடேல்லை."

"ஏன்? அதுதானே உண்மை?"

"ரெண்டு பேர் எண்டால் கேஸ் விழுந்துபோம். அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது? மறந்திட்டியோ?"

"இவரென்ன அகதியே? இது பந்து விளையாட்டப்பா."

"கேக்கிறவன் எல்லா நாட்டிலயும் ஒரே ஆள்தான்."

பாத்திரச் சவர்க்காரத்தில் அப்பாவின் விரல்கள் வெடித்திருந்தன. பேனை பிடித்து அழகாக எழுத முடியாது. அதனால் நீல வான்கடிதத் தாளில் நான்தான் பார்த்து எழுதினேன். ஊரில் கன்னியாஸ்திரிமார் அடித்துப் பழக்கிய உருண்டைக் கையெழுத்து. மூன்று தாள். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனாலும் இங்கிலிஷ் அப்பு பெரிதாக எழுதிக் காட்டிய அந்தப் பெயர் மூன்று தாளிலும் இல்லை என்பது தெரிந்தது. "அப்பா, அந்தப் பேர் வரேல்லை" என்றேன். "நீ இருக்கிறதைப் பார்த்து எழுது" என்றார். எழுதினேன்.

கையெழுத்துப் போடும்போது கிழவர் கேட்டார். இந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கியது.

"எல்லாம் எழுதியாகிவிட்டதா?"

"எல்லாம் எழுதியாச்சு, சேர்."

பதில் வர ஏழெட்டுக் கிழமை பிடித்தது. அந்தக் கிழமைகளில் அவர் ஆளே மாறிப்போனார். தபால்காரன் வருகிற நேரத்துக்கு முகம் மழித்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு யன்னலோரம் இருப்பார். அதுவரை எனக்கு அவர் மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கழுத்துப்பட்டியைப் பார்க்கத் தொடங்கியபிறகு, ஏன் என்று தெரியாமல், எனக்குப் பயம் வந்துவிட்டது. பிஸ்கட் எடுக்கவும் மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரி மேலே ஏறி வந்தார். எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல்தரம். கையில் உடைத்த கடிதம். ஓரளவு விளங்கியது, ஆனால் சரிபார்க்கவேண்டும் என்றார். அப்பா வாசித்துத் தமிழில் சொன்னார், நான் அதை ஜேர்மனில் சொன்னேன். மரியாதையான கடிதம். பழைய பதிவுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம், தாங்கள் தந்த பெயரில், தாங்கள் தந்த வருடங்களில் ஒரு ஆட்டக்காரரும் இல்லை, மிகவும் வருந்துகிறோம், வேறு விபரம் ஏதும் இருந்தால் அறியத்தாருங்கள் என்று இருந்தது.

வீட்டுக்காரி கதிரையில் இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கியது.

"எனக்கு முதலே தெரியும்" என்றார். "ஆனால் இதை அவருக்கு வாசிக்க என்னால் முடியாது. உன் அப்பாவிடம் கேள், நல்லபடியாக வேறு ஒன்றை வாசிப்பாரா என்று. அவர் விளையாடினார் என்று இருக்கட்டும். நான் நம்புகிறேன் என்று நானும் சொல்கிறேன்."

நான் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, இப்போது அப்பா உண்மையைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். வேறு விபரம் இருந்தால் எழுதுங்கள் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். விபரம் எங்களிடம் இருக்கிறது. அப்பா சாமிப்படத்தின் பக்கம் பார்த்தார். "வாசிக்கிறன் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன்.

அவர் இறங்கிப் போனதும் அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, அண்ணன்ரை பேரைப் போட்டுத் திருப்பி எழுதுவமே? நான் வடிவா எழுதித் தாறன்."

"இப்ப மாத்தி எழுதினா முதல் எழுதினது பொய் எண்டாகிப்போம், பிள்ளை. பேந்து ரெண்டையும் நம்பாங்கள்."

"வீட்டுக்கார அன்ரிக்கு மட்டும் சொன்னால்?"

"நான்தான் மறைச்சனான் எண்டு சொல்லச் சொல்லுறியோ? எங்களைப் பற்றி என்ன எழுதிக் குடுத்திருக்கிறா அந்த மனிசி?"

அம்மா குசினிக்குள் நின்று சட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் கீழ்வீட்டில் வெள்ளை மேசைவிரிப்பு, நல்ல கோப்பைகள், கொட்டைக் கேக். இங்கிலிஷ் அப்பு கழுத்துப்பட்டியோடு நடுவில் இருந்தார். அப்பா எழுந்து நின்று, வந்த கடிதத்தை விரித்துப் பிடித்து, அதில் இல்லாததை வாசித்தார். முதலே அப்பா தமிழில் சொல்லித் தந்திருந்ததை நான் வீட்டுக்காரியின் காதில் ஜேர்மனில் சொன்னேன். அது பொய் என்று அவருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே தலையாட்டினார். தங்கள் பெயர் எங்கள் பழைய புத்தகத்தில் இருக்கிறது, இரண்டு பருவமும் இடது ஓரத்தில் விளையாடியிருக்கிறீர்கள், தங்களை நினைத்து எங்கள் அணி பெருமைப்படுகிறது என்று அப்பா மிக நன்றாக வாசித்தார்.

கிழவரின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"என் பெயரா?" என்று கேட்டார்.

"ஓம், சேர். உங்கள் பெயர்தான்."

"எழுத்துக்கூட்டி வாசியுங்கள்."

அப்பா எழுத்துக்கூட்டினார். தபால்பெட்டியில் இருந்த அதே பெயர்.

"வேறு பெயர் ஒன்றும் அதில் இல்லையா?"

அப்பா தாளை மடித்தபடியே, "இல்லை, சேர்" என்றார்.

இங்கிலிஷ் அப்பு அந்தப் புத்தகத்தில் தன் பெயர் இருக்கவே முடியாது என்று அறிந்த மனுசன். உலகத்திலேயே அதை அறிந்த ஒரே மனுசன், எங்களைத் தவிர. அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். எனக்கு அது விளங்கப் பத்துப் பதினைந்து வருசம் பிடித்தது. அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம், ஆசைப்பட்டது கிடைத்த ஒருவர் ஏன் சந்தோசப்படவில்லை என்பதைத்தான்.

மகள் அவருடைய கையைப் பிடித்து, "அப்பா, இப்போது நம்புகிறேன்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். இரவிரவாகப் பாடமாக்கியிருப்பார் போல. கிழவர் அந்தக் கையை மற்றக் கையால் தட்டிக் கொடுத்தார், அழுகிற பிள்ளையைத் தேற்றுவது போல. பிறகு அப்பா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நன்றி, மிஸ்டர். எல்லாருமாக இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர்கள்."

கேக் சாப்பிட்டோம். மேலே ஏறும்போது படியில் வைத்து வீட்டுக்காரி என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் மேலிருந்து சலவைத்தூள் மணம் வந்தது. ஐம்பது வருசம் தகப்பனோடு முகம் கொடுத்துக் கதைக்காத மனுசி அதற்குப் பிறகு தினமும் அவருக்கு முகம் மழித்துவிட்டார், பக்கத்தில் இருந்து சூப் பருக்கினார். பொய் என்று தெரிந்தபிறகு அவருக்குத் தகப்பன் மேல் இரக்கம் வந்தது. நான் இன்றைக்கும் திகைத்து நிற்கிற இடம் இது. அந்தக் கடிதத்தை அப்பா சரியாக எழுதியிருந்தால் இந்தச் சூப்பும் முகமழிப்பும் நடந்திருக்குமா? தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைகளில் அப்பா வழக்கம்போலக் கீழே போனார். ஆனால் பந்துப் பேச்சு அதோடு நின்றது. இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். புகார் இன்றைக்குத் தடிப்பு, நாளைக்கு விலகக்கூடும். இரண்டு மூன்று கிழமையில் அப்பாவும் போவதைக் குறைத்துக்கொண்டார்.

மார்ச் மாதம், வெயில் எறிக்கத் தொடங்கிய ஒரு காலையில், இங்கிலிஷ் அப்பு நித்திரையிலேயே போய்விட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்காரி ஒரு தாளோடு மேலே வந்தார். பத்திரிகைக்குக் கொடுக்கிற மரண அறிவித்தல். பெயர், பிறந்த ஊர், பீங்கான் தொழிற்சாலையில் முப்பத்தேழு வருசம், அன்பான தகப்பன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

"இந்த இடத்தில், உதைபந்தாட்டக்காரர் என்று போடலாம் என்று நினைக்கிறேன். அவருக்குப் பிடித்திருக்கும். ஆனால் அது உண்மை இல்லையே. உன் அப்பாதான் அவரோடு அதிகம் கதைத்தவர். போடவா, வேண்டாமா என்று கேள்."

நான் கேட்டேன். அப்பா தன் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவோரம் வந்து நின்றார். "இப்பவெண்டாலும் சொல்லுங்கோ" என்று மெல்லச் சொன்னார்.

"பேப்பரில வந்தால் ஆராவது தேடிப் பாப்பினம்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "காட்டுறதுக்கு ஒண்டும் இல்லாததைப் போட வேண்டாம் எண்டு சொல்லு."

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் எதைச் சொல்லியிருந்தாலும் வீட்டுக்காரி அதைத்தான் எழுதியிருப்பார். அவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சொன்னதை நான் ஜேர்மனில் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.